முதலில் கூண்டு, பிறகுதான் எஞ்சின்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை நாலு முறை மிதிக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் சுத்தமா இருக்கு" என்று பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். நான் எஞ்சினைக் கடைசியில்தான் தொடுவேன். அதற்கு முன் நெடுநேரம் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை அழைத்துப்போகிறவர்களுக்கு முதலில் இது பொறுமையைச் சோதிக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதான காரில் எஞ்சின் செலவு என்பது கணக்குப் போட முடிந்த செலவு. ரிங் மாற்றலாம், ஹெட்டை இறக்கி வேலை பார்க்கலாம், ரீபோர் செய்யலாம். எதற்கும் சரிப்படவில்லையென்றால் முழு எஞ்சினையே மாற்றி, புதிய எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கூண்டுக்கு அந்த வழி கிடையாது. சேசிஸ் எண் பொறித்த கூண்டுதான் சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி. பில்லர் மடங்கி நிமிர்த்தப்பட்ட காரையோ, ஃபுளோர் அரித்துப்போன காரையோ எந்தப் பட்டறையும் பழைய பலத்துக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. ஆகவே கூண்டு தேறாவிட்டால் எஞ்சினைப் பார்க்கவே வேண்டியதில்லை.

"சேசிஸ் நல்லா இருக்காண்ணே?" என்று எல்லாரும் கேட்பார்கள். பொலீரோ, ஸ்கார்ப்பியோ, குவாலிஸ், பழைய இன்னோவா போன்றவற்றில் அந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அவற்றில் அடியில் தனியாக ஒரு ஃபிரேம் ஓடுகிறது, பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் அதிகம் கைமாறும் ஆல்ட்டோ, சான்ட்ரோ, ஸ்விஃப்ட், வேகன்ஆர் எதிலும் தனி சேசிஸ் இல்லை. ஃபுளோர், ரன்னிங் போர்டு, பில்லர்கள், முன்பக்க ஏப்ரன், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. விபத்து நடந்தால் அடியை வாங்கி மடங்க வேண்டிய இடம், மடங்காமல் நின்று ஆளைக் காக்க வேண்டிய இடம் என்று ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருமுறை மடங்கிய தகட்டைச் சூடுகாட்டி இழுத்து நேராக்கினால் உருவம் திரும்பிவிடும். அடுத்த முறை அது எங்கே மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகள் உட்காரப்போகும் வண்டி என்பதால் இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வண்டியைக் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயங்காலம் தெருவிளக்கில் பார்த்தால் எல்லா வண்டியும் அழகுதான். முதல் நாளே போனில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன்: வண்டியைக் கழுவ வேண்டாம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஈரமான பெயிண்ட் கீறலையும் பட்டியையும் மறைத்துவிடும். சூடான எஞ்சின் தன் நோய்களை மறைத்துவிடும். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் கோபப்பட மாட்டேன், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுவேன்.

பத்தடி தள்ளி நின்று ஒரு சுற்று. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? கதவுகளின் இடுப்புக் கோடு முன்னிருந்து பின்வரை ஒரே நேராக ஓடுகிறதா? பின்பக்க மூலையில் உட்கார்ந்து, கதவுகளின் மேல் விழும் வெளிச்சத்தைக் கண்ணால் நீளவாக்கில் ஓட்டிப் பார்த்தால் பட்டி வைத்த இடத்தில் வெளிச்சம் நெளியும். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி என்னிடம் இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் சுமார் 100 மைக்ரான் அக்கம்பக்கம் காட்டும், மறுபெயிண்ட் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, பட்டி வைத்திருந்தால் இன்னும் பல மடங்கு. கருவி இல்லாதவர்களுக்குத் துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும்.

மறுபெயிண்ட் அடித்த வண்டி என்றாலே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் போக்குவரத்தில் பத்து வருடம் ஓடிய வண்டியில் பம்பரும் ஒரு கதவும் ஒரு ஃபெண்டரும் பெயிண்ட் பார்த்திருப்பது சகஜம். ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டிய தகடு, கழற்றி வேறு மாட்டலாம். கதவும் அப்படியே. வெல்டு அடித்துச் சேர்த்த தகடுகளை யாராவது தொட்டிருக்கிறார்களா என்பதே விஷயம். அதைத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், யாரும் செய்யலாம்.

முன்கதவைத் திறந்துகொள்ளுங்கள். கதவு வந்து மூடும் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங் ஓடும். அதை மேலிருந்து பிடித்து மெதுவாக இழுத்தால் கையோடு கழன்று வரும். திரும்ப வைத்து உள்ளங்கையால் தட்டினால் உட்கார்ந்துவிடும், சேதம் ஒன்றும் ஆகாது. பீடிங் போன இடத்தில் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு தெரியும். அந்த விளிம்பில் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை, வரிசையாக, ஓரளவு சம இடைவெளியில் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதுதான் கம்பெனியில் அடித்த ஸ்பாட் வெல்டு. விரல் நுனியை அதன்மேல் ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டே எண்ணலாம். பிறகு பின்கதவு, பிறகு அந்தப் பக்கத்து இரண்டு கதவுகள், பிறகு டிக்கியின் விளிம்பு. எங்காவது பள்ளங்கள் திடீரென்று நின்றுபோய் விளிம்பு மழமழவென்று இருந்தால் அங்கே தகடு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது டிங்கரிங் செய்து பட்டி தேய்த்திருக்கிறார்கள். பள்ளத்துக்குப் பதிலாக மேடுமேடாக உருகிய உலோகம் தெரிந்தால் அது பட்டறையின் சி.ஓ.டூ. வெல்டிங். கம்பெனி சீலன்ட் ஒரே கனத்தில் கெட்டியாக இருக்கும். கையால் பூசிய சீலன்ட் திட்டுத் திட்டாக, நகம் வைத்தால் பதிகிற மாதிரி இருக்கும்.

ஒரு கார் கன்சல்டிங்கில் வெள்ளி நிற ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். வாங்க வந்தவர் இளம் வயது, கல்யாணமாகிக் கைக்குழந்தை உண்டு.

"அண்ணே, ஒரு கீறல்கூட இல்லைண்ணே. புது வண்டி கணக்கா இருக்கு."

"அதான் தம்பி எனக்கு யோசனையா இருக்கு. பன்னெண்டு வருஷம் ரோட்டுல ஓடின வண்டி, கீறல் இல்லாம எப்படி இருக்கும்?"

வலது பக்க பீடிங்கை இழுத்ததும் வெல்டு வரிசை ஒழுங்காக இருந்தது. இடது பக்கம் நடு பில்லரில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளமே இல்லை. அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். மேலே ஓட்டச் சொன்னேன், கீழே ஓட்டச் சொன்னேன். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் பலமாக அடிபட்ட வண்டி அது. எஞ்சின் நன்றாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் ஸ்டார்ட் பண்ணியே பார்க்கவில்லை.

முன்பக்க விபத்துக்கு வேறு சாட்சிகள் உண்டு. பானெட் கீல் போல்ட்டிலும் ஃபெண்டர் போல்ட்டிலும் ஸ்பேனர் பட்ட தடம், அதாவது மூலைகளில் பெயிண்ட் உரிந்திருப்பது. ஹெட்லைட் இரண்டில் ஒன்று மட்டும் மஞ்சள் பூக்காமல் புதிதாக இருப்பது. ஏப்ரன் தகட்டில் சுருக்கம். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத் தகட்டில் கம்பெனி ஸ்டிக்கர்கள் இல்லாமல் போயிருப்பது. கண்ணாடிகளின் மூலையில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரையும் பாருங்கள். ஆறு கண்ணாடியில் ஒன்று மட்டும் வேறு கம்பெனி என்றால் அது ஏன் மாறியது என்று கேளுங்கள். முன்கண்ணாடி கல்பட்டு உடைந்து மாறியிருக்கலாம். பின்கதவுக் கண்ணாடி கல்பட்டு உடைவது அபூர்வம்.

அடுத்தது துரு. அதற்கு ஊர் தெரிய வேண்டும். நான் நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டுத்தான் எங்கே அதிகம் குனிவது என்று முடிவு செய்வேன். டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 65 ராமநாதபுரம், டி.என். 51 நாகப்பட்டினம், டி.என். 07 தென்சென்னை. இவையெல்லாம் உப்புக்காற்று தின்னும் ஊர்கள். அதே மாடல், அதே வருடம் என்றாலும் கோயம்புத்தூரிலேயே ஓடிய வண்டியின் அடிப்பக்கமும் கடற்கரையோரம் நின்ற வண்டியின் அடிப்பக்கமும் ஒன்றாக இருக்காது. டி.என். 43 ஊட்டி என்றால் துருவோடு பிரேக்கையும் கிளட்சையும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. ரன்னிங் போர்டுக்கு அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு மொத்தென்று சொல்லும். வைப்பருக்குக் கீழே இலைதழை அடைத்த இடம், பேட்டரிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஸ்டெப்னி குழி, பின்சக்கர வளைவின் உள்விளிம்பு இந்த நான்கையும் விடக் கூடாது. ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைத்த வண்டியில் முன்சீட்டுக்காரரின் காலடி மேட் ஈரமாகவே கிடந்து ஃபுளோர் உள்பக்கமாக அரித்திருக்கும். அடிப்பக்கம் முழுக்க அண்டர் கோட்டிங் புத்தம்புதிதாகக் கறுப்பாக மின்னினால், விற்கப்போகும் வண்டிக்கு ஏன் இந்தச் செலவு என்று கேட்டாக வேண்டும்.

துருவிலேயே கொடியது வெள்ளம் தரும் துரு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் பிறகு எத்தனையோ ஊர்களுக்கு விற்பனைக்கு வந்தன. 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் முதலில் சென்னை, இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் என்று தண்ணீர் வந்த இடமெல்லாம் இதுதான் நடக்கிறது. சீட் கவரை மாற்றி, வாசனை திரவம் அடித்து, கார்ப்பெட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நான் செய்வது இவ்வளவுதான்: சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுப்பேன். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி முழம் வெளியே வருவதே இல்லை. அதனால் அதை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். தண்ணீர் நின்ற வண்டியில் அங்கே ஒரு சேற்றுக் கோடு இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதியும் இருக்கும். வண்டியைவிடப் பெல்ட் இளையதாக இருந்தால் அதையும் கேட்க வேண்டும். பிறகு சீட் ஃபுளோரோடு சேரும் போல்ட்டுகள், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்குரூ தலைகள், ஒயரிங் கனெக்டர்கள். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் அந்த வண்டியின் எலக்ட்ரிக்கல் கோளாறுகளுக்கு முடிவே இருக்காது. இன்று இன்டிகேட்டர், நாளை ஃபேன், மறுநாள் ஸ்டார்ட்டிங் என்று ஒவ்வொன்றாக வரும். தண்ணீருக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணியிருந்தால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காமல் கனெக்டிங் ராட்டை வளைத்திருக்கும். வெள்ளம் பார்த்த காரை எந்த விலைக்கும் வாங்க நான் சம்மதித்ததில்லை.

கூண்டு தேறிய பிறகு மீட்டர். விற்கிறவர் சொல்லும் கிலோமீட்டரை நம்புவதற்கு முன் வண்டியின் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, கியர் குமிழ், டிரைவர் சீட்டின் கதவுப்பக்க விளிம்பு, இவை ஐம்பதாயிரத்தில் ஒரு மாதிரியும் ஒன்றரை லட்சத்தில் வேறு மாதிரியும் தேயும். இந்தக் காலத்து டிஜிட்டல் மீட்டரை மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் மீட்டரை மாற்றுகிறவர்கள் மற்ற இடங்களை மறந்துவிடுகிறார்கள். ஒரு வண்டியில் மீட்டர் 61,000 சொன்னது. ஏர் ஃபில்டர் மூடியின் உட்பக்கத்தில் ஏதோ ஒரு பட்டறையின் ஆயில் ஸ்டிக்கர் மங்கிப்போய் ஒட்டியிருந்தது, பால்பாயின்ட் பேனாவில் அடுத்த சர்வீஸ் 1,12,000 என்று எழுதி. கதவுப் பில்லர், பானெட்டின் அடிப்பக்கம், ஏர் ஃபில்டர் பெட்டி ஆகிய மூன்றிலும் இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களைத் தேடுங்கள். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்களும் பேசும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். முப்பதாயிரம்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் மூன்றாவது செட் டயர் இருந்தால் கணக்கு இடிக்கிறது.

காகிதங்களையும் நான் வண்டியைப் படிப்பது போலவே படிப்பேன். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். பல மாடல்களில் அது எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வாலில் இருக்கும், சிலவற்றில் முன்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டை விலக்கினால் தெரியும். எண்ணைச் சுற்றிய தகட்டில் வெல்டோ, தேய்த்த தடமோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கேஸ் கிட் போட்டுக் கழற்றிய வண்டிகளில் டிக்கி ஃபுளோரில் சிலிண்டர் தாங்கிக்குத் துளைத்த ஓட்டைகள் இருக்கும், டேஷ்போர்டில் சுவிட்ச் இருந்த ஓட்டையைத் தக்கை வைத்து அடைத்திருப்பார்கள். டி போர்டாக ஓடி ஓன் போர்டாக மாற்றிய வண்டிக்கு நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் கூரையிலும் தடயம் கிடைக்கும். டெல்லியில் பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகள் நிறைய. தடையின்மைச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஒரு வரியைப் பலரும் பார்ப்பதில்லை. கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். "இதுவரைக்கும் ஒரு கிளெய்ம்கூட எடுத்ததில்லை சார்" என்று சொல்கிறவரின் முழு பாலிசியில் அது 50 ஆக இருக்க வேண்டும். 20 என்று இருந்தால் இரண்டு வருடத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது எஞ்சின். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலைப் பார்த்து, கூலன்ட் டப்பாவைத் திறந்து நிறத்தைப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவேன். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் துருநிறத் தண்ணீர் நிற்கும். அந்த ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கும் ஆயுள் குறைவு. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் கெட்டியாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது.

ஸ்டார்ட் பண்ணும்போது நான் பின்னால் சைலன்சர் பக்கம் நிற்பேன், வண்டிக்காரர் சாவியைத் திருப்புவார். ஆறிய எஞ்சின் முதல் பத்து விநாடியில் சொல்வதை அப்புறம் சொல்வதில்லை. நீலப்புகை வந்து நின்றுபோனால் வால்வு சீலில் ஆயில் இறங்குகிறது. நிற்காமல் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகை எரிபொருள் அதிகம். காலையில் வரும் வெள்ளை ஆவி சகஜம். சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்து, இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. டேஷ்போர்டில் ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகள் சாவி போட்டதும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். எரியாத விளக்கு எரிகிற விளக்கைவிட ஆபத்து.

ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து கையை மேலே பிடித்தால் லேசாகக் காற்று படலாம். புஸ்புஸ்ஸென்று புகையோடு தள்ளினால் பேக் கம்ப்ரஷன், ரிங் வேலை காத்திருக்கிறது. எஞ்சின் அறை முழுக்க வாட்டர் வாஷ் செய்து பாலிஷ் போட்டிருந்தால் எந்த லீக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தூசி படிந்த, ஆனால் ஈரமில்லாத எஞ்சின்தான் எனக்குப் பிடிக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டும் பேச்சும் வேண்டாம், ஏ.சி.யும் முதலில் வேண்டாம். வேகத்தடை, மேடுபள்ளமான தெரு, மேம்பாலம் மூன்றும் வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போட்டால் கடகடவென்று கேட்பது ஆக்ஸில் ஜாயின்ட். வேகத்தடையில் டொக்கென்று ஒரு அடி விழுந்தால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்ட்ரட் மவுன்ட். வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும் ஹம் ஓசை வீல் பேரிங். மேம்பால ஏற்றத்தில் நாலாவது கியரில் அழுத்தினால் எஞ்சின் மட்டும் கத்தி வண்டி போகாமலிருந்தால் கிளட்ச் நழுவுகிறது. இவை எல்லாமே கடையில் விலை கேட்டு எழுதிக்கொள்ளக்கூடியவை. பயமில்லை. திரும்பி வந்து ஏ.சி.யைப் போட்டு ஐட்லிங்கில் பதினைந்து நிமிடம் விட்டு, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் வந்து வந்து போகிறதா என்று பார்த்தால் போதும். நம் வெயிலுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

திருச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் 2011 மாடல் சான்ட்ரோவைப் பார்த்தது நினைவிருக்கிறது. கூரையில் கிளியர் கோட் வெளுத்துப்போயிருந்தது, பின்பம்பரில் விரிசல், இடது கதவில் ஒரு நீளமான கீறல். கூட வந்தவர் பார்த்ததும் முகம் சுளித்தார். பீடிங்கை இழுத்தேன், நான்கு கதவிலும் வெல்டு வரிசை முழுசாக இருந்தது. ஃபுளோர் உலர்ந்து கிடந்தது. உள்ளே போன ஆசிரியர் ஒரு கார்ட்போர்டு ஃபைலோடு வந்தார். 2011-லிருந்து ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதிவாரியாகக் கோத்திருந்தது. கடைசி பில்லில் இருந்த கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போயின. டைமிங் பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை.

அந்த சான்ட்ரோ எஞ்சினில் செயின் கிடையாது, பெல்ட். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சின்களிலும், பல கம்பெனிகள் போட்ட 1.3 லிட்டர் ஃபியட் டீசலிலும் செயின் ஓடுகிறது. பெல்ட் எஞ்சினில் அது அறுந்தால் பல மாடல்களில் வால்வு வளைந்து ஹெட் இறக்கும் வேலையாகிவிடும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், நான்கு டயர், முன்பக்க லிங்க் ராட் என்று ஒரு தாளில் எழுதி விலையும் போட்டு ஆசிரியரிடமே கொடுத்தேன். நான் எழுதுவதை எப்போதும் விற்கிறவருக்கும் காட்டுவேன். கூலியை வாங்குகிறவரிடம் மட்டும்தான் பெற்றுக்கொள்வேன் என்பதால் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பதினைந்து வருடப் பதிவு 2026-ல் முடிகிறது என்பதையும், புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி என்பதையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "டயருக்குக் கழிச்சுக்குங்க. பெல்ட்டுக்குக் கழிச்சுக்குங்க, அது நியாயம். எஃப்.சி. உங்க பாடு. கீறலுக்குக் கழிக்க மாட்டேன், கீறலால வண்டி ஓடாமப் போயிடாது."

"சரிங்க சார்" என்றார் வாங்க வந்தவர்.

அன்றே ஃபார்ம் 29-இல் இரண்டு பிரதியும் ஃபார்ம் 30-உம் கையெழுத்தாயின. கடன் எதுவும் இல்லாததால் ஃபார்ம் 35 தேவைப்படவில்லை. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பாலிசியையும் அதே 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாறாமல் வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்று ஆசிரியரிடம் சொன்னபோது, அவர் இன்னொரு முறை எல்லாக் கையெழுத்தையும் சரிபார்த்தார். வண்டியை எடுத்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்கு ஓட்டிவந்து பெல்ட் வேலைக்கு விட்டுவிட்டுப் போனார். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் அப்படியே மாற்றிவிடச் சொன்னார்.